கோப்பை வந்தது, அணி போனது

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கால்பந்துப் போட்டியின் கடைசி நாள். சென்னை சிட்டி அணி ஜெயித்தால் சாம்பியன். தவறினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தட்டிக்கொண்டு போகலாம். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு கோல்கள். 3-1. ஈஸ்ட் பெங்காலும் தன் ஆட்டத்தில் ஜெயித்தது. ஆனால் 43க்கு 42 என ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை கோவையிலேயே தங்கிவிட்டது.

இரண்டே வருடம். 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியின் பெயரே இல்லை.

ஒரு சாம்பியன் அணி இப்படிக் காணாமல் போனால் அந்த ஊரில் ஒரு சத்தமாவது கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. டீக்கடையில் யாரும் சண்டை போடவில்லை. ஏன் என்று யோசித்தால், தவறு ஆட்டத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்பது புரியும்.

முதலில் பெயரைப் பாருங்கள். 2016 டிசம்பரில் நேரடி நுழைவு முறையில் ஐ-லீக்குக்குள் வந்த அணி இது. முதல் சீசன் சென்னையில். அடுத்த சீசனில் கோவைக்கு வந்தது. பெயர் மட்டும் சென்னையாகவே இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் சொந்த ஊர் மைதானத்தில் உட்கார்ந்து "சென்னை, சென்னை" என்று கத்த வேண்டும்! கொங்கு நாட்டில் இது நடக்கிற காரியமா? ஆனாலும் ஆட்டம் நன்றாக இருந்ததால் வந்தார்கள், கைதட்டினார்கள். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியில் அந்த அணி ஆடிய பாஸிங் ஆட்டம் அப்படி. மான்சி ஒரே சீசனில் 21 கோல்கள். அந்த ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஏறுமுகம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அந்த வருட லீக்கில் 11 அணிகள். ஆக ஒரு அணிக்கு 10 ஆட்டங்கள் சொந்த ஊரில். உதாரணத்துக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 5,000 பேர், தலைக்கு 100 ரூபாய் டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆட்டத்துக்கும் சேர்த்து 50 லட்சம். இதில்தான் வீரர்கள் சம்பளம், ஸ்ரீநகரிலிருந்து ஐஸ்வால் வரை விமான டிக்கெட், ஓட்டல், மைதானச் செலவு எல்லாம். காணுமா? காணாது. மீதியை முதலாளி கையிலிருந்து போட வேண்டும். அவர் கை சளைத்த அன்று கடை மூடல். பி.காம். முதல் வருடப் பாடம் இது: வருமானம் தரும் சொத்து ஒன்றுகூட இல்லாத நிறுவனம், நஷ்டத்தைத் தாங்க ஆள் இருக்கும் வரைதான் ஓடும்.

அந்த சொத்து எது? மைதானம். நேரு ஸ்டேடியம் அரசுச் சொத்து. வெளிவட்டத்தில் வரிசையாகக் கடைகள். உள்ளே ஓட்டப் பந்தயத்துக்கான சிந்தடிக் டிராக். கேலரிக்கும் பந்துக்கும் நடுவே அந்த டிராக் கிடக்கிறது. கோல் விழுந்தால் யார் போட்டார் என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்க வேண்டிய தூரம். டிராக் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை, தடகளப் பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் அது கால்பந்துக்காகக் கட்டிய இடம் அல்ல. 2020ல் ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடத் தகுதி பெற்றபோது, சென்னை சிட்டியின் 'சொந்த மைதான' ஆட்டம் நடந்தது அகமதாபாதில். கோவை வென்ற உரிமை, குஜராத்தில் செலவானது. அதற்கடுத்த சீசன் கொரோனாவால் முழுக்க மேற்கு வங்கத்திலேயே நடந்து முடிந்தது. அதன்பின் கோவைக்குத் திரும்ப அணியே இல்லை.

கோவையின் கதை மட்டும் இல்லை இது. 2023ல் புதிதாகச் சேர்க்கப்பட்ட இன்டர் காசி, பெயருக்கு வாரணாசி அணி. சொந்த ஆட்டங்களை ஆடியது மேற்கு வங்கத்தின் கல்யாணியில். காசிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கல்கத்தா ரயிலில் ஏறிய மாதிரி! ஊரையும் மைதானத்தையும் பார்க்காமல் அணியைச் சேர்த்தால் இதுதான் நடக்கும். புது அணி கொடுக்கும் நுழைவுப் பணம் ஒருமுறை வரும் மூலதன வரவு. அதை வருடா வருடம் வரும் வருமானம் என்று எண்ணினால் லீக்கும் ஏமாறும், அணியும் ஏமாறும்.

இந்தப் பாடத்தை அமெரிக்கா முன்பே அடிபட்டுப் படித்தது. அங்கே பழைய வட அமெரிக்க கால்பந்து லீக், பெலே வந்த உற்சாகத்தில் 1978ல் 24 அணிகளாக ஊதிப் பெருத்தது. 1984 சீசனோடு வெடித்தது. இன்று அங்கே இரண்டாம் டிவிஷனில் ஆட வேண்டுமானால் குறைந்தது 5,000 இருக்கைகள் கொண்ட மைதானம் வேண்டும் என்பது விதி. லூயிவில் சிட்டி அணி 2015ல் பேஸ்பால் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனமாகத் தொடங்கி, 2020ல் தனக்கென்று கட்டிய மைதானத்துக்குக் குடிபோனது.

"அமெரிக்காவில் பணம் கொட்டிக் கிடக்கிறது, கோவைக்கு அது ஒத்து வருமா?" என்று கேட்கலாம். நியாயம்தான். அதற்கு டெட்ராய்ட் சிட்டி பதில் சொல்கிறது. டெட்ராய்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க் என்ற சின்ன ஊரில் 1936ல் திறந்த பழைய மைதானம் ஒன்று உண்டு. பள்ளி நிர்வாகத்தின் சொத்து. கேலரி சிதிலமாகிக் கிடந்தது. அப்போது சம்பளமில்லாத லீக்கில் ஆடிக்கொண்டிருந்த டெட்ராய்ட் சிட்டி, ரசிகர்களிடமே கடன் கேட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 7 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். நன்கொடை அல்ல, கிளப்பின் வருமானத்திலிருந்து திருப்பித் தரவேண்டிய பணம். 2016ல் மைதானம் சரிசெய்யப்பட்டது. 2020ல் கிளப்பின் ஒரு பங்கையும் ரசிகர்களுக்கே விற்றார்கள். 2022ல் அந்த அணி இரண்டாம் டிவிஷனுக்கே போய்விட்டது.

இதைப் படித்தால் கொங்கு நாட்டுக்காரருக்குச் சிரிப்புதான் வரும். இது அங்கே தெரியாத வித்தையா? பங்காளி, மாமன், மச்சான் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மில் வைத்தவர்கள், பவுண்டரி வைத்தவர்கள், கிரைண்டர் பட்டறை வைத்தவர்கள். திருப்பூரில் பாதிப் பனியன் கம்பெனி அப்படி முளைத்ததுதான். சீட்டுப் பிடித்து முதல் சேர்க்கத் தெரிந்த ஊருக்கு, ஒரு கால்பந்துக் கிளப்பை நடத்தத் தெரியாதா? யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அணி வந்தது, ஆடியது, ஜெயித்தது. 'உனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு' என்று ஊரிடம் சொல்லவே இல்லை. அதனால் போனபோதும் ஊருக்கு வலிக்கவில்லை.

அரசுப் பணத்தில் பிரமாண்டமான மைதானம் கட்டித் தனியாருக்குத் தூக்கிக் கொடுப்பதும் தீர்வல்ல. அணி ஓடிவிட்டால் காடாகிப் போன சிமெண்ட்தான் மிச்சம். கோவைக்கு சர்வதேச கிரிக்கெட் மைதானம் வரும் என்று 2024ல் அறிவித்தார்கள், ஒண்டிப்புதூரில் இடமும் பார்த்தார்கள். நல்லது. கிரிக்கெட்டுக்கு அத்தனை பெரிய கனவு காணும்போது, கால்பந்துக்குக் கேட்பது மிகச் சின்னது. டிராக் இல்லாத, கோட்டுக்குப் பக்கத்தில் கேலரி உள்ள, ஐயாயிரம் பேர் உட்காரும் ஒரு மைதானம். சீசனுக்குச் சீசன் கெஞ்சாமல் நீண்டகாலக் குத்தகை. ஆட்டம் இல்லாத நாட்களில் பள்ளி, கல்லூரி அணிகளுக்கு வாடகைக்கு விட்டால் அதுவும் வருமானம். அணியின் பெயரில் கோவை. பங்குதாரர் பட்டியலில் ஊர்க்காரர்கள்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்களேன். சென்னை சிட்டி கோவைக்கு வந்த அதே 2017-18 சீசனில்தான் கோகுலம் கேரளா ஐ-லீக்கில் நுழைந்தது. கோழிக்கோடு மாநகராட்சி மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்ட அந்த அணி, 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இரண்டு முறை சாம்பியன் ஆனது. அங்கே கால்பந்து பைத்தியம் அதிகம், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பைத்தியம் வானத்திலிருந்து விழவில்லை. அப்பனும் மகனும் ஒரே கேலரியில் பல வருடம் உட்கார்ந்து வளர்த்தது.

கோவையில் 2019ல் அப்பா தோளில் உட்கார்ந்து அந்த 3-1 ஆட்டத்தைப் பார்த்த பையன்களுக்கு இன்று மீசை முளைத்திருக்கும். 'எங்க ஊரு அணி' என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை ராத்திரி மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் கண் விழிக்கிறார்கள். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய ஊருக்கு இதைவிட வேறு கிண்டல் வேண்டுமா?