அழுத்தத்தைக் கூட்டுவதா, இன்ஜெக்டரை மாற்றுவதா?

கார் இஞ்சினில் கை வைத்து அதன் சக்தியைக் கூட்டுவது அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு. சிலருக்கு அது பைத்தியம் என்றே சொல்லலாம். அந்த வட்டாரத்தில் பல வருடங்களாக ஓயாத சண்டை ஒன்று உண்டு. இஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவைப்பட்டால் எரிபொருள் அழுத்தத்தைக் கூட்டினால் போதுமா, இல்லை பெரிய இன்ஜெக்டர்களை வாங்கிப் போட வேண்டுமா?

முதல் வழி மலிவானது. திருகி மாற்றக்கூடிய ஒரு பிரஷர் ரெகுலேட்டரை மாட்டினால் வேலை முடிந்தது. இரண்டாவது வழியில் செலவு அதிகம். எட்டு சிலிண்டர் என்றால் எட்டு இன்ஜெக்டர்கள், அதற்கு மேல் கம்ப்யூட்டர் ட்யூனிங். ஆகவே பலரும் முதல் வழியையே தேடிப் போகிறார்கள். ஆனால் சின்னத் திருத்தத்துக்குத்தான் அழுத்தம். பெரிய சக்திக்கு இன்ஜெக்டர்தான் சரி. இதை மறந்தால் மிச்சம் பிடித்த காசைப் போல பல மடங்கை இஞ்சின் கேட்கும்.

வர்க்கமூலக் கணக்கு

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சின்ன வால்வு. எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. திறந்திருக்கும் நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் பாயும் என்பதை துளையின் அளவும் அழுத்தமும் முடிவு செய்கின்றன.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் பெட்ரோல் இரண்டு மடங்காகாது. பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். 3 பாரிலிருந்து 4 பாருக்கு ஏற்றினால், அதாவது அழுத்தத்தை 33 சதவீதம் கூட்டினால், கிடைப்பது 15 சதவீதம் கூடுதல் பெட்ரோல்தான். இரண்டு மடங்கு பெட்ரோல் வேண்டுமானால் அழுத்தத்தை நான்கு மடங்காக்கி 12 பாருக்குக் கொண்டுபோக வேண்டும். சாதாரண கார் பம்பினால் அது ஆகிற காரியமில்லை.

மஸ்டாங் சொல்லும் பாடம்

இதற்கு நல்ல உதாரணம் 1987 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 5.0. அமெரிக்க இளைஞர்கள் அதிகமாகக் கை வைத்த கார்களில் அதுவும் ஒன்று. அதில் மணிக்கு 19 பவுண்ட் பெட்ரோல் தரும் எட்டு இன்ஜெக்டர்கள், 39 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில். இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்து வைக்கக் கூடாது. 85 சதவீதத்தோடு நிறுத்துவதே வழக்கம். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்ட் பெட்ரோல் என்ற கணக்கில் இந்த இன்ஜெக்டர்கள் சுமார் 258 குதிரைத்திறன் வரை தாங்கும். ஆரம்பத்தில் இஞ்சினின் சக்தி 225 தான் என்பதால் பிரச்சினை இல்லை.

இப்போது அதே காரில் சூப்பர்சார்ஜர் மாட்டி 350 குதிரைத்திறன் வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுகிறார். சூப்பர்சார்ஜர் வந்தால் குதிரைத்திறன் ஒன்றுக்கு 0.6 பவுண்ட் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு இன்ஜெக்டரும் 31 பவுண்ட் தர வேண்டும். 19 பவுண்ட் இன்ஜெக்டரிலிருந்து 31 பவுண்ட் வாங்க அழுத்தம் 103 பி.எஸ்.ஐ. ஆக வேண்டும். எதிரே சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் 110ஐத் தொட்டுவிடும்.

அன்றைய சூப்பர்சார்ஜர் கிட்டுகள் பலவும் இதைத்தான் செய்தன. பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாயில் ஒரு தனி ரெகுலேட்டர். காற்றழுத்தம் 1 பி.எஸ்.ஐ. ஏறினால் எரிபொருள் அழுத்தத்தை அது 12 பி.எஸ்.ஐ. ஏற்றிவிடும்.

அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்தில் காரின் கம்ப்யூட்டரைத் திருத்தி எழுதுவது சாதாரண ஆளுக்கு எட்டாத விஷயம். கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் பெரிய இன்ஜெக்டரைப் போட்டால் ஐடிலில் பெட்ரோல் வழிந்து ஸ்பார்க் பிளக் நனைந்துவிடும். காற்று அளக்கும் சென்சாரை ஏமாற்றிச் சமாளித்தால் வேறு வினை. காற்று குறைவு என்று நம்பும் கம்ப்யூட்டர் தீப்பொறியை முன்கூட்டியே விட்டுவிடும். எனவே அழுத்தத்தைக் கூட்டுவதே அவர்களுக்குக் கைக்கு எட்டிய வழியாக இருந்தது.

எங்கே ஆபத்து?

முதல் ஆபத்து பம்பில். அழுத்தம் ஏற ஏற பம்ப் தரும் பெட்ரோலின் அளவு குறையும், அது இழுக்கும் கரண்ட் கூடும். பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் பம்ப் மூச்சு வாங்கும். இரண்டாவது, இன்ஜெக்டரே திணறும். உள்ளிருக்கும் அழுத்தத்தை எதிர்த்துத் திறக்க வேண்டியிருப்பதால் திறப்பதற்குத் தாமதமாகும். ஒரு எல்லைக்கு மேல் திறக்காமலே போகலாம். மூன்றாவது, பழைய ரப்பர் குழாய்களும் இணைப்புகளும் இந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து, கோளாறு சத்தமில்லாமல் வருவதுதான். ரெகுலேட்டரின் டயஃப்ரம் தளர்ந்தாலோ பம்ப் தேய்ந்தாலோ அன்றைய கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. ஐடிலில் கார் ஒழுங்காக ஓடும். முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் பெட்ரோல் குறையும், இஞ்சின் தட்டும், ஹெட் கேஸ்கட்டோ பிஸ்டனோ போகும். சில நொடிகளே போதும்.

அப்படியானால் அழுத்தத்தைத் தொடவே கூடாதா?

அப்படியில்லை. ஃபோக்ஸ்வாகன் 1.8 டர்போ இஞ்சின்களில் 3 பார் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு 4 பார் போடுவது பிரபலமான திருத்தம். பம்ப் நன்றாக இருந்து, ட்யூனிங்கும் அதற்கேற்ப மாறியிருந்தால் 10, 15 சதவீதக் குறையைத் தீர்க்க அது நியாயமான வழிதான். ஆனால் எந்த மாற்றமும் செய்யாத காரில் ரெகுலேட்டரை மட்டும் திருகிவிட்டு சக்தி கூடியது என்பது வெறும் நம்பிக்கை. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடும்.

இன்ஜெக்டர் வாங்கும்போதும் கவனம் தேவை. 58 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 30 பவுண்ட் என்று விற்கப்படும் இன்ஜெக்டர் 43.5 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 26 பவுண்ட்தான் தரும். எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

1993இல் ஃபோர்டு நிறுவனமே மஸ்டாங் கோப்ராவைக் கொண்டுவந்தது. சக்தி 235 குதிரைத்திறன் மட்டுமே. பழைய இன்ஜெக்டரே ஒருவாறு போதும். ஆனாலும் அதில் 24 பவுண்ட் இன்ஜெக்டர்களைப் போட்டார்கள். பத்தே குதிரைத்திறன் கூட்டும்போது தயாரித்தவர்களே அவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள். நூறுக்கு மேல் கூட்டுபவர் விட வேண்டாமா?

கம்ப்யூட்டரைத் திருத்த முடியாது என்ற அன்றைய காரணமும் இன்று இல்லை. லேப்டாப் இருந்தால் பல கார்களின் ட்யூனிங்கை மாற்றிவிடலாம். இன்றைய பெரிய இன்ஜெக்டர்கள் ஐடிலிலும் துளித்துளியாக அளந்து விடுகின்றன. காரணம் போன பிறகும் பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது சிக்கனமல்ல. முதலில் பம்ப், பிறகு இன்ஜெக்டர், அதற்கேற்ற ட்யூனிங், கடைசியில் தேவைப்பட்டால் கொஞ்சம் அழுத்தம். இந்த வரிசையில் போகிறவரின் இஞ்சின் நீண்ட நாள் ஓடும்.