முட்டிக்கு அவகாசம் கொடுங்கள்



மழை விட்டு, விடியற்காலையில் லேசாகக் குளிர் தட்டத் தொடங்கியதும் ஓடுகிறவர்களின் கூட்டம் கூடிவிடுகிறது. சென்னையில் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள் கடற்கரைச் சாலையில், கோவையில் ரேஸ் கோர்ஸைச் சுற்றி, சிறு ஊர்களில் போலீஸ் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் அரசுப் பள்ளி மைதானத்தில். நமக்கு வரும் கடிதங்களில் முழங்கால் வலி எட்டிப் பார்ப்பதும் இந்தப் பருவத்தில்தான். “ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. முட்டி வலிக்கிறது. விட்டுவிடலாமா?” என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்பது என் பதில். ஏன் வேண்டாம், பிறகு என்ன செய்வது என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

இந்தக் கேள்விக்கு வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கும். “ஓடுனா ஜவ்வு தேஞ்சிடும்னு அன்னைக்கே சொன்னேனே!” சொல்வது அம்மாவாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம். அவர்கள் அக்கறையில் குறையே இல்லை, தகவலில்தான் குறை. நடக்க நடக்கத் தேய்வதற்கு முழங்கால் செருப்பு அல்ல. மூட்டில் எலும்பின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக் குழாய்கள் கிடையாது. காலில் எடை விழுந்து விலகும்போது மூட்டுத் திரவம் அதற்குள் போய் வருகிறது. அதற்குச் சாப்பாடு கிடைப்பதே அப்படித்தான். அசையாமல் வைத்திருக்கும் மூட்டு பட்டினி கிடக்கும்.

2017-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் தேய்மானம் யாருக்கு அதிகம் என்று பார்த்தது. உடல்நலத்துக்காக ஓடும் சாதாரண ஓட்டக்காரர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இருந்தது. ஓடாதவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிகளில் உச்ச மட்டத்தில் ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். இதை வைத்துக்கொண்டு ஓட்டம்தான் மூட்டுக்கு மருந்து என்று முழங்கக் கூடாது. மூட்டு கெட்டுப்போனதால் ஓட்டத்தை விட்டவர்களும் ‘ஓடாதவர்கள்’ கணக்கில் சேர்ந்திருக்கலாம். ஆனால் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1984 முதல் 2002 வரை, நடுத்தர வயதைத் தாண்டிய நீண்டதூர ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதும், ஓடியவர்களின் முழங்கால் கூடுதலாகத் தேய்ந்திருக்கவில்லை. அளவோடு ஓடுகிறவர் ஜவ்வை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்ல இது போதும்.

மைதானத்தில் கிடைக்கும் பதில் இதற்கு நேர் எதிர். “வலிக்கத்தான் செய்யும், பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடு.” கூடவே ஒரு ஸ்பிரே, ஒரு நீ-கேப், சில சமயம் ஓடுவதற்கு முன்பே ஒரு வலி மாத்திரை. இந்தக் கடைசி விஷயம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. மாத்திரை வலியைத்தான் மறைக்கும், காரணம் அங்கேயே இருக்கும். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ஓடுவதற்காக மாத்திரை போடும் நிலை வந்துவிட்டால் அன்றைக்கு ஓடக் கூடாது.

இரண்டு பதில்களிலும் மாட்டிக்கொள்வது போலீஸ் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள்தான். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. பழகியவருக்கு இது பெரிய வேகம் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் படிப்பகத்தில் உட்கார்ந்து பொது அறிவு மனப்பாடம் செய்த பையனுக்கு? பலர் எழுத்துத் தேர்வின் முடிவு வந்த பிறகுதான் மைதானத்தில் கால் வைக்கிறார்கள். ஒரே காலையில் ஓட்டம், நீளம் தாண்டுதல், கயிறு ஏறுதல் என எல்லாம். சிலர் வெறுங்காலில், சிலர் தேய்ந்த கேன்வாஸில். முதல் இரண்டு வாரம் உற்சாகமாக ஓடுவார்கள். மூச்சு பிடிபட்டுவிடும், நேரம் குறையும். சரியாக அப்போதுதான் முட்டி பிடித்துக்கொள்ளும்.

காரணம் எளிது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன; தசைநாரும் எலும்பும் பழக மாதங்கள் ஆகின்றன. மூச்சு ‘இன்னும் ஓடலாம்’ என்று சொல்லும் நாளில் முட்டி இன்னும் தயாராகி இருக்காது. ஒரு கிலோமீட்டர் ஓட்டம் என்பது ஏறக்குறைய ஆயிரம் காலடி. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 2 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று 6 கிலோமீட்டர் ஓடினால் முட்டிக்கு நாலாயிரம் அடி கூடுதல் வேலை. அது முரண்டு பிடிப்பதில் என்ன ஆச்சரியம்?

எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள். முட்டிச் சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ வலித்து, மாடிப்படி இறங்கும்போதும், சம்மணம் போட்டோ சினிமாத் தியேட்டரிலோ வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் கூடினால், அது ஓட்டக்காரர்களுக்கு மிகச் சாதாரணமாக வருகிற வகை. பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. முட்டியின் வெளிப்பக்கம், ஓட ஆரம்பித்துச் சிறிது தூரம் போனதும் சுருக்கென்று பிடித்தால், இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக முட்டிவரை இறங்கும் பட்டையான தசைநார் தொல்லை கொடுக்கிறது. சில்லுக்குக் கீழே ஒரே இடத்தில் வலி என்றால் பெரும்பாலும் தாண்டிக் குதித்ததன் விளைவு. மூன்றுக்கும் பெயர் வேறு, மூலகாரணம் பெரும்பாலும் ஒன்றே: பழகியதைவிட அதிகமாக, பழகுவதற்கு முன்பே.

அப்படியானால் செய்ய வேண்டியதும் அதிலேயே இருக்கிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. கனடாவின் கியூபெக்கில், முட்டிச் சில்லு வலியோடு இருந்த 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஓடும் அளவை எப்படிக் கூட்டுவது, குறைப்பது என்று மட்டும் கற்றுக் கொடுத்தார்கள். இன்னொன்றுக்கு அதோடு உடற்பயிற்சியும், மூன்றாவதற்கு முதல் குழுவின் பாடத்தோடு ஓடும் முறையில் மாற்றமும். எட்டு வாரப் பயிற்சியில் மூன்று குழுவுக்கும் வலி ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. காசு செலவில்லாத முதல் பாடமே பெரும்பகுதி வேலையைச் செய்துவிட்டது.

அந்தப் பாடத்தை நம் ஊருக்குத் தக்கபடி சொல்கிறேன். முழுவதுமாக நிறுத்தாதீர்கள், தூரத்தையும் வேகத்தையும் பாதிக்கும் கீழே இறக்குங்கள். வாரத்தில் ஒரு நாள் நெடுந்தூரம் ஓடி மற்ற நாள் படுத்துக் கிடப்பதைவிட, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஓடுவது நல்லது. மேம்பாலச் சரிவில் இறங்கி ஓடுவதைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று கலந்தால் வெட்கம் ஒன்றுமில்லை. பத்துக்கு இரண்டு மதிப்பெண் போடத்தக்க வலி ஓடும்போது இருந்து, ஓடி முடித்துச் சற்று நேரத்தில் அடங்கி, மறுநாள் காலையில் முட்டி வழக்கம்போல் இருந்தால், நீங்கள் சரியான அளவில் இருக்கிறீர்கள். மறுநாள் படியிறங்கும்போது முகம் சுளித்தால் முந்தைய நாள் அதிகம். அகலக்கால் வைத்து ஓடாமல், அடியைச் சிறிதாக்கி எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினாலே முட்டியின் சுமை குறைகிறது.

தொடைக்கும் இடுப்புக்கும் பலம் சேர்க்கும் பயிற்சியையும் விடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக எழுவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, வலிக்காத ஆழம்வரை தோப்புக்கரணம், இவை போதும். ஷூ பற்றிக் கேட்பவர்களுக்கு: போட்டுப் பார்த்தால் கால் சுகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தாயிரம் ரூபாய் ஷூ எதுவும் அவசரத்துக்குப் பரிகாரம் ஆகாது.

சில வலிகளுக்கு இந்தப் பேச்செல்லாம் பொருந்தாது. முட்டி வீங்கி இருந்தால், மடக்கினால் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது திடீரென்று கால் நழுவினால், திருகி விழுந்தபோது ‘படக்’ என்று சத்தம் கேட்டிருந்தால், ராத்திரி படுத்தும் வலி அடங்காவிட்டால், எலும்பில் விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தால், தைலத்தையும் கட்டையும் நம்பி நாள் கடத்தாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். முட்டி சூடாகிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே.

உடற்கல்வி ஆசிரியர்களிடமும், மைதானங்களில் இலவசமாகப் பயிற்சி கொடுக்கும் முன்னாள் ராணுவத்தினரிடமும் ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிறவர்களை முதல் நாளே சீனியர்களோடு சேர்த்து ஓட விடாதீர்கள். வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று கேலி செய்யாதீர்கள். அளவைக் குறைத்து ஓட விடுங்கள். தேர்வுக்குப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: விண்ணப்பம் போடுகிற அன்றைக்கே மைதானத்துக்குப் போங்கள், முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்