அனுதாபம் வேண்டாம், ஆலோசனையில் இடம் கொடுங்கள்!

புதிதாக ஒரு வரி வருகிறது. வணிகர்களிடம் ஒரு வார்த்தை கூடக் கேட்காமல் அரசு அறிவித்து விடுகிறது. உடனே கடையடைப்பு, ஆர்ப்பாட்டம், அமைச்சரிடம் மனு. "எங்கள் தொழிலைப் பற்றி எங்களிடம் கேட்க வேண்டாமா?" என்று கொதிக்கிறோம். நியாயமான கேள்விதான். இதே கேள்வியைத்தான் மாற்றுத் திறனாளிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கடையடைத்தால் சந்தை முடங்காது என்பதால் அது யார் காதிலும் விழுவதில்லை.

வரலாற்றைப் பாருங்கள். 1991 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஊனம் பற்றிய கேள்வியே இல்லை. எத்தனை பேர் என்றே தெரியாத அரசு எந்தக் கணக்கில் நிதி ஒதுக்கும்? 2001-லும் அந்தக் கேள்வியை விட்டுவிடவே இருந்தார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே போராடிய ஜாவேத் ஆபிதியும் அவரது தோழர்களும் விடாமல் வாதாடினார்கள். கேள்வி சேர்ந்தது. 2.19 கோடி பேர் கணக்கில் வந்தார்கள்! 2011-ல் அது 2.68 கோடி. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம்.

1995 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் முன் அவர்கள் திரண்ட பிறகுதான் ஊனமுற்றோருக்கான முதல் உரிமைச் சட்டம் நிறைவேறியது. வாக்குச் சாவடிகளில் சாய்தளம் வேண்டும் என்பதற்குக்கூட 2004-ல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சுதந்திரம் பெற்று அரை நூற்றாண்டு கடந்தும் அந்த நான்கு படிகள் அதிகாரிகளின் கண்ணில் படவில்லை. ஏன்? அவர்கள் அந்தப் படிகளில் நடந்தே ஏறியவர்கள்!

இன்று சட்டத்துக்குக் குறைவில்லை. மாற்றுத் திறனாளிகளைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களையே கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது ஐ.நா. உடன்படிக்கை. அதை இந்தியா 2007-ல் ஏற்றது. 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களை அங்கீகரித்தது. மாநில ஆலோசனை வாரியம் அமைக்க வேண்டும், அது ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்றது. அந்த வாரியத்தில் வணிகர் சபையின் பிரதிநிதிகளுக்கும் இடம் வைத்தது. நம் வணிகர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் இன்னொரு படி முன்னே சென்றது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழி செய்யும் மசோதாக்களை நிறைவேற்றியது. இதை வரவேற்கிறோம். ஆனால், நியமனம் என்றாலே சிபாரிசும் பின்னாலேயே வரும் என்பதை நாடறியும். ஆளுங்கட்சிக்குக் கைதட்டுபவருக்கே அந்த நாற்காலி போனால் சட்டம் எதற்கு? காது கேளாத உறுப்பினர் அமரும் கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால், பார்வையற்றவரிடம் அச்சடித்த நிகழ்ச்சி நிரலை நீட்டினால், மாடியில் கூட்டம் நடத்தினால், அது பிரதிநிதித்துவமா, கேலியா?

எனவே அரசை வலியுறுத்துகிறோம்: நியமனங்களை மாற்றுத் திறனாளிகளின் சங்கங்களைக் கலந்தே செய்க. ஆலோசனை வாரியம் எப்போது கூடியது, என்ன பரிந்துரைத்தது, அதில் எது நிறைவேறியது என்பதை மக்களுக்கு அறிவிக்கவும் வேண்டும்.

அரசைக் கேட்டால் மட்டும் போதுமா? வணிகர்களே! உங்கள் கடை வாசலில் எத்தனை படிகள்? உங்கள் சங்க நிர்வாகக் குழுவில் ஒரு மாற்றுத் திறனாளியாவது உண்டா? இளைஞர்களே! ஊனமுற்றவருக்குச் சக்கர நாற்காலி வழங்கிப் புகைப்படம் எடுத்துக் கொள்வதோடு கடமை முடிந்து விடவில்லை. கிராம சபைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவருக்காக நீங்கள் பேசாதீர்கள். அவர் பேச இடம் வாங்கிக் கொடுங்கள்.

அவர்கள் நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை. முடிவெடுக்கும் மேசையில் தங்களுக்குரிய இடத்தைக் கேட்கிறார்கள். அதை மறுக்க எவருக்கும் உரிமை இல்லை.