ஸ்டாண்டர்டு 2000-ஐ மாருதி கொல்லவில்லை

‘மலிவான மாருதி வந்ததால்தான் சென்னையில் தயாரான அருமையான ஸ்டாண்டர்டு 2000 கார் அழிந்தது’ என்கிறார்கள். தவறு.

ஒன்று: மாருதி 800 வாங்க நின்றவர் இந்தக் காரை வாங்க வந்தவரே அல்ல. விலை வேறு, அளவு வேறு.

இரண்டு: ஸ்டாண்டர்டு 2000-இன் உடல் ரோவர் எஸ்டி1 என்ற காருடையது. 1977-இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார், அங்கே 3.5 லிட்டர் வி8 எஞ்சினோடு பறந்தது. இங்கே உள்ளே வைத்தது என்ன? 1940-களின் வேன்கார்டு எஞ்சின் வழிவந்த 2 லிட்டர் கிழம். அவ்வளவு பெரிய காரை அது எப்படி இழுக்கும்? பெட்ரோலைக் குடித்தது, வேகம் தரவில்லை.

மூன்று: கான்டெஸா என்ற பெரிய காரும் இங்கே பழைய எஞ்சினோடுதான் வந்தது. பிறகு இசுசு எஞ்சின் பொருத்தினார்கள். 2002 வரை தயாரானது. அப்போது மாருதி இல்லையா?

1985-இல் வந்து 1988-இல் நின்றுபோன அந்த அழகுக்காக இன்றும் வருந்துகிறேன். அதனால்தான் பழியை வேறெவர்மீதும் போட விடமாட்டேன்.