கேள்வி கேட்டவரை விரட்டினால் நோய் போகாது



வழக்கமாக இந்தப் பக்கத்தில் நீரிழிவு, குருதி அழுத்தம், கொலஸ்ரரோல் என்றுதான் எழுதுவேன். இம்முறை நமது வாட்ஸ்அப் குழுக்களில் நாம் ஒருவரோடொருவர் கதைக்கும் விதம் பற்றி எழுதுகிறேன். இதற்கும் சுகாதாரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அந்தத் தொடர்பை நான் செய்த ஒரு பிழையில் இருந்துதான் கற்றுக்கொண்டேன்.

2021 ஏப்ரல் 15ஆம் திகதி நடிகர் விவேக் சென்னையில் ஓர் அரச மருத்துவமனையில் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மற்றவர்களையும் போடும்படி சொன்னார். அடுத்த நாள் இதயப் பாதிப்பால் மயங்கி விழுந்து, 17ஆம் திகதி அதிகாலை காலமானார். அன்று காலையே நமது குழுக்கள் எல்லாம் கொதிக்கத் தொடங்கின.

இங்கும் மக்கள் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் இருந்தார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில், சிசிலி உட்படப் பல இடங்களில் நடந்த மரணங்களை அடுத்து, இத்தாலி அஸ்ட்ராசெனெகா ஊசியைச் சில நாட்கள் நிறுத்தியது. பிறகு மீண்டும் தொடங்கி, ஏப்ரலில் அதை 60 வயதுக்கு மேற்பட்டோருக்கே பரிந்துரைத்தது. மிக அரிதாகக் குருதி உறையும் பக்கவிளைவு உண்டு என்பதும் உண்மையே. விவேக் போட்டுக்கொண்டது வேறு ஊசி. ஆனால் பயத்தில் இருப்பவருக்கு எல்லா ஊசியும் ஒன்றுதான்.

அன்றிரவு குழுவில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் மொண்டெல்லோவில் ஒரு வீட்டைப் பராமரிக்கும், அறுபது வயதைத் தாண்டிய அண்ணை ஒருவர். என்னிடம் நெடுங்காலமாக மருந்து எடுப்பவர். நீரிழிவும் குருதி அழுத்தமும் உண்டு. வீடியோவின் கீழே, "விவேக்குக்கே இப்பிடியெண்டால் எங்களுக்கு என்ன நடக்கும்? ஊசி போடலாமோ?" என்று எழுதியிருந்தார்.

நாள் முழுவதும் நோயாளிகளைப் பார்த்த களைப்பு எனக்கு. "மருத்துவம் படிக்காதவர்கள் தயவுசெய்து மருத்துவம் பேச வேண்டாம்" என்று எழுதினேன். பலர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். எனக்கும் உள்ளூரத் திருப்திதான். மறுநாள் அண்ணை குழுவை விட்டு விலகியிருந்தார்.

அதன்பின் அவர் என்னிடம் வரவில்லை. ஓகஸ்ட் மாதம் ஒரு மாலையில் மொண்டெல்லோ கடற்கரையோரம் அவரைக் கண்டேன். முகம் வீங்கிக் களைத்திருந்தது. மருந்து முடிந்து இரண்டு மாதமாம்.

"ஏன் அண்ணை வரேல்லை?" என்று கேட்டேன்.

"தம்பி, நான் பயத்தில கேட்டனான். நீங்கள் எல்லாருக்கும் முன்னால படிக்காதவன் எண்டு எழுதிப்போட்டியள். பிறகு என்ன முகத்தோட வாறது?"

அன்றே என் அறைக்குக் கூட்டிச் சென்று பார்த்தேன். குருதி அழுத்தம் 190/110. தெய்வாதீனமாகப் பாரிசவாதம் வந்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மருந்தை மீண்டும் தொடங்கினோம். அவருடைய எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்ன பிறகு, மொன்தே பெல்லெக்ரீனோ மலையடிவாரத்தில் உள்ள ஃபியேரா மண்டபத்துக்குத் தானாகவே போய் ஊசி போட்டுக்கொண்டார். இதை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

விவேக்கின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று இந்திய அரசின் நிபுணர் குழு 2021 ஒக்டோபரில்தான் அறிவித்தது. அதாவது, நான் அப்படி எழுதிய இரவில் எனக்கும் முழு விடை தெரியாது. "இன்னும் ஆராய்கிறார்கள். ஆனால் உங்கள் நீரிழிவுக்குத் தொற்று வந்தால் அதுதான் பெரிய ஆபத்து. நாளைக்கு வாங்கோ, கதைப்பம்" என்று எழுதியிருந்தால் போதும். எழுத ஒரு நிமிடம் கூடப் பிடித்திருக்காது.

வீண் சண்டை வருகிறது, ஆகவே சங்கத்துக் குழுவில் சுகாதாரம் பற்றிப் பேசவே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இங்கே கேட்க முடியாதவர், பதில் தெரிந்தவர் எவரும் இல்லாத இடத்தில் போய்க் கேட்பார். நாம் வாய் திறந்து கருத்துச் சொல்லப் பயந்த மண்ணில் இருந்து அகதிகளாக வந்தவர்கள். அந்தப் பயத்தை நாமே நமது குழுவுக்குள் கொண்டுவரலாமா?

அதற்காக எல்லாக் கருத்தும் சமம் என்று நான் சொல்ல வரவில்லை. "இன்சுலினை நிறுத்துங்கள், இந்தக் கசாயம் போதும்" என்று எவராவது எழுதினால் அதை உடனே நீக்கத்தான் வேண்டும். பிழையான செய்தியை நீக்கலாம், ஆளை அவமானப்படுத்தக் கூடாது. சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

1. ஆளுக்குப் பதில் எழுதாமல் செய்திக்குப் பதில் எழுதுவோம். படிப்பு, தொழில், ஊர், மதம் எதையும் இழுக்க வேண்டாம்.

2. கோபம் வந்தால் எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்திருப்போம். காலையில் வாசித்துப் பார்த்தால் பாதியை நாமே அழித்துவிடுவோம்.

3. "பலமுறை அனுப்பப்பட்டது" என்ற இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை, யார், எப்போது சொன்னது என்று தெரியாமல் மற்றவருக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பத்தான் வேண்டும் என்றால், "இது உண்மையா?" என்ற கேள்வியோடு அனுப்புவோம்.

4. ஒருவரைத் திருத்த வேண்டுமானால் முதலில் தனியாகத் தொலைபேசியில் அழைப்போம். பிழையைத் தானே ஒத்துக்கொண்டு எழுதுபவருக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்வோம்.

5. மற்றவருடைய நோயையும் பரிசோதனை முடிவையும் குழுவில் போட வேண்டாம்.

6. குழுவைக் கவனிக்க இருவர் இருக்கட்டும். ஒருவர் இளையவராக இருந்தால் இத்தாலிய மொழியில் வரும் அரச அறிவித்தல்களையும் சரிபார்க்கலாம்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழுவில் ஒருவர் திட்டுவாங்கும்போது பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் திட்டுக்குத் துணைபோவதுதான். "தம்பி, கொஞ்சம் ஆறுதலாய்க் கதை" என்று அன்று யாராவது எனக்கு எழுதியிருந்தால் நான் கேட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

அண்ணை இப்போது மீண்டும் குழுவில் இருக்கிறார். இன்னமும் வீடியோ அனுப்புகிறார், கூடவே கேள்வியும் கேட்கிறார். மருந்தையும் தவறாமல் எடுக்கிறார்.

இந்தக் கட்டுரையோடு உடன்படாதவர்கள் தாராளமாக எழுதுங்கள். மறுநாள் காலையில் பதில் எழுதுகிறேன்.