யார் காசில் யார் சறுக்குகிறார்கள்?

ஒரு நண்பர் குழு பனிச்சறுக்கு விடுமுறைக்குப் போவது என்று முடிவானதும் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். கூட்டத்தில் நன்றாகச் சறுக்கத் தெரிந்த ஒருவர், "எந்த ஊர்னு நான் பாத்துக்கறேன், விடுங்க" என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தெரிந்த ஆள் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

இருக்காது. பாதிப் பேருடைய விடுமுறை அந்தத் தலையாட்டலிலேயே போய்விடுகிறது.

எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கில்லாடிகள், எந்தச் சரிவிலும் இறங்குவார்கள். மூன்று பேர் ஏற்கெனவே இரண்டு முறை போய்வந்த நடுத்தரங்கள். இரண்டு பேர் சறுக்கு பூட்ஸையே முதல்முறையாக மாட்டப் போகிறவர்கள். ஒருவர் சறுக்கப் போவதே இல்லை, கூட்டத்தோடு இருக்க வருகிறார். இது கற்பனைக் கணக்கு, ஆனால் அபூர்வமான கணக்கு இல்லை. சுவிட்சர்லாந்தில் உள்ள ஈழத்தமிழர் வீடுகளில்கூட இந்தக் கலவை வரும். பிள்ளைகள் பள்ளிக்கூட ஸ்கீ முகாமில் கற்றிருப்பார்கள், அப்பா அம்மா கற்றிருக்க மாட்டார்கள், விடுமுறைக்கு வந்த மச்சானுக்குப் பனியே புதிது.

இப்போது செலவைப் பாருங்கள். வீட்டு வாடகை எட்டாகப் பிரியும். ஊர் பெரிய பெயரெடுத்த ஊர் என்பதால் வாடகையும் பெரியது. அந்தப் பெரிய பெயர் எதனால் வந்தது? நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தடங்களாலும் உச்சியில் இருக்கும் செங்குத்துச் சரிவுகளாலும். அதை அனுபவிக்கப் போவது இரண்டு பேர், கட்டப் போவது எட்டுப் பேர். ஒரு பிரிவினர் பலனை இன்னொரு பிரிவினர் சுமப்பதற்கு 'கிராஸ் சப்சிடி' என்று பெயர். அதுவும் இங்கே தலைகீழ் சப்சிடி! மலையில் ஒன்றுமே செய்ய முடியாதவர்தான் எல்லாம் செய்யக்கூடியவருக்கு மானியம் கொடுக்கிறார்.

பிரான்சின் 'மூன்று பள்ளத்தாக்குகள்' பகுதிக்குச் சொல்லப்படும் நீளம் சுமார் 600 கிலோமீட்டர். முதல் வாரக்காரருக்கு அதில் எவ்வளவு உதவும்? காலையில் சறுக்குப் பள்ளி, மதியம் அதே சிறிய சரிவில் பயிற்சி. ஆறு நாளில் நாலைந்து தடங்களைப் பார்த்தால் பெரிய விஷயம். மீதி வரைபடத்தில் மட்டும் இருக்கும். விவரம் தெரியாமல் முழுப் பகுதிக்கும் லிஃப்ட் பாஸ் வாங்கியிருந்தால் அந்தப் பணமும் போச்சு. (அந்தப் பகுதியைக் குறை சொல்லவில்லை. அங்கே கூர்ஷவெல் போன்ற இடத்தில் புதியவர்களுக்கு நல்ல மெல்லிய சரிவுகள் உண்டு. ஆனால் அதற்காக அந்த ஊரைத் தேர்ந்தெடுத்த கில்லாடி எத்தனை பேர்?)

"சராசரியாப் பாத்தா நல்ல ஊர்" என்பது அடுத்த வாதம். சராசரி நாலடி ஆழமுள்ள ஆற்றில் இறங்கி மூழ்கினவன் கதையைப் புள்ளியியல் வகுப்பில் கேட்டவர்கள் இந்த வாதத்தைச் சொல்லக் கூடாது :-)

அந்த ஆறு நிஜமாகவே இருக்கிறது. குல்மார்க் போய்ப் பாருங்கள். இந்தியாவில் பனிச்சறுக்கு என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளியில் புதியவர்கள் பழகலாம். கொண்டோலா இரண்டு கட்டமாக அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேலே ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து இறங்குவது பெரும்பாலும் செப்பனிடாத ஆழ்பனி. உலகெங்கும் இருந்து கில்லாடிகள் வருவது அதற்காகத்தான். ஆனால் நடுத்தரங்களுக்கு? முதல் கட்டத்தைச் சுற்றிக் கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். கீழே தொட்டில், மேலே மலைமுகடு, நடுவில் மாடிப்படி குறைவு. அந்த மேல்மலை விளையாட்டுக் களமும் இல்லை. 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் குல்மார்க் பனிச்சரிவுகளில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் இறந்தார்கள். "ஒரு தடவை மேல வந்து பாருடா" என்று நடுத்தரத்தை இழுத்துப் போகிற நண்பர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இதே தவறுக்கு அழகான பெயர் ஷமோனி. 1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். 3,842 மீட்டர் உயர எகுய் து மிதி சிகரத்துக்குக் கேபிள் கார், அங்கிருந்து வழிகாட்டியோடு இறங்கும் சுமார் 20 கிலோமீட்டர் பனியாற்றுப் பாதை. கில்லாடிக்குச் சொர்க்கம். ஆனால் சறுக்கும் இடங்கள் பள்ளத்தாக்கு நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. புதியவர் ஒரு பக்கம், நடுத்தரம் இன்னொரு பக்கம், கில்லாடி அர்ஜொந்தியேர் பக்கம். இடையில் பஸ். காலையில் பிரிந்தவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் முகம் பார்ப்பார்கள். அதற்கு எட்டுப் பேராகப் போக வேண்டுமா? மூன்று குழுக்களாக மூன்று ஊருக்குப் போயிருந்தால் செலவாவது குறைந்திருக்கும்.

விஷயம் இவ்வளவுதான். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவரால் தெரியாதவர் இருக்கும் இடத்துக்கு வர முடியும். தெரியாதவரால் தெரிந்தவர் இருக்கும் இடத்துக்குப் போக முடியாது. நகர முடிந்தவருக்கு எந்த ஊரும் ஊர்தான், நகர முடியாதவருக்குக் கிடைத்த சரிவே உலகம். அப்படியென்றால் ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு? கடைசி ஆளுக்கு.

"அப்படீன்னா கில்லாடிங்க ஆறு நாளும் கொட்டாவி விடணுமா?" என்ற கேள்வி வரும். பதில் சுவிட்சர்லாந்தின் வெங்கன். கார் ஓடாத ஊர், பல்சக்கர ரயிலில்தான் போக வேண்டும். புதியவர்கள் பழகும் சரிவு ஊர் நடுவிலேயே இருக்கிறது. அதே ரயில் மேலே 2,061 மீட்டரில் உள்ள கிளைன ஷைடெக் நிலையத்துக்குப் போகிறது. அங்கே சறுக்காதவரும் போகலாம், ஐகர் சிகரத்தின் வடக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு சூப் குடிக்கலாம், சறுக்குவண்டியில் இறங்கலாம். ஆசைப்பட்டால் 1912-ல் திறந்த ரயில்பாதையில் 3,454 மீட்டர் உயர யுங்ஃப்ராவ்யோக் வரை போய்வரலாம். நடுத்தரங்களுக்குச் சுற்றிலும் நீலமும் சிவப்புமாகத் தடங்கள். கில்லாடிகளுக்கு, பந்தய நாட்கள் தவிர, சுமார் 4.5 கிலோமீட்டர் நீளமுள்ள லவுபர்ஹார்ன் பந்தயச் சரிவு. உலகக் கோப்பை வீரர்கள் இறங்கும் அதே மலை. போதாதா? ஐகர்கிளெட்ஷர் பக்கம் கறுப்புத் தடம். அதுவும் போதாதென்றால் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் 2,970 மீட்டர் ஷில்ட்ஹார்ன். மதியம் ஒரு மணிக்கு எட்டுப் பேரும் ஒரே மேசையில் உட்காரலாம்.

குறை இல்லையா? உண்டு. வெங்கன் 1,274 மீட்டரில்தான் இருக்கிறது. பனி பொய்க்கும் ஆண்டில் ஊர்ச் சரிவு பச்சையாகிவிடும். 2022-23 புத்தாண்டு சமயத்தில் ஆல்ப்ஸின் தாழ்வான ஊர்கள் பலவற்றில் என்ன நடந்தது என்று எல்லோரும் படம் பார்த்தார்கள். அதைக் காட்டி, "அதான் 2,300 மீட்டரில் இருக்கிற வால் தொரன்ஸ் போகச் சொன்னேன்" என்பார்கள். உயரம் பனிக்கு நல்லது, உண்மை. ஆனால் அந்த உயரத்தில் மரம் கிடையாது. மேகம் இறங்கினால் தரையும் வானமும் ஒரே வெள்ளை, மேடு பள்ளம் தெரியாது. கில்லாடிக்கு அது ஒரு தொல்லை, மூன்றாம் நாள் கற்பவருக்கு அழுகை. மரங்கள் நடுவே போகும் தடத்தில் குறைந்தது கண் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

ஆக, ஊர்ப்பெயரை மனப்பாடம் செய்து பயனில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பழகும் சரிவு ஊரிலேயே இருக்கிறதா, பஸ் பிடிக்க வேண்டுமா? அதிலிருந்து அடுத்த படிக்கு நீளமான, மெல்லிய தடம் உண்டா? நடந்து வருபவரும் சறுக்கி வருபவரும் சந்திக்க மலைமேல் ஓர் இடம் இருக்கிறதா? சாயங்காலம் கால் ஓய்ந்த பிறகு ஊருக்குத் திரும்பும் கடைசித் தடம் என்ன நிறம், அதில் இறங்க முடியாதவர் லிஃப்டிலோ ரயிலிலோ இறங்கலாமா? புதியவருக்குத் தனியாக விலை குறைந்த பாஸ் தருகிறார்களா? நிறத்தையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. பிரான்சில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என நான்கு படி. சுவிஸிலும் ஆஸ்திரியாவிலும் பொதுவாக நீலமே முதல் படி. வட அமெரிக்காவில் நிறம் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுப் போடப்படுகிறது, ஒரு மலையின் நீலம் இன்னொரு மலையின் கறுப்பாக இருக்கலாம்.

கடைசியாக, "மூணே நாள்ல நானே கத்துக்கொடுத்துடுவேன்" என்று சொல்லும் கில்லாடிக்கு ஒரு வார்த்தை. சறுக்கத் தெரிவது வேறு, கற்றுக்கொடுக்கத் தெரிவது வேறு. முதல் நாள் தோழியைச் சிவப்புத் தடத்தின் தலையில் நிறுத்தி, "முட்டியை மடக்கு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய் நின்று கையசைப்பது நட்பு இல்லை. அந்தப் பெண் அரை மணி நேரம் உட்கார்ந்தே நகர்ந்து இறங்குவாள், மறுநாள் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வாள், அடுத்த ஆண்டு கூப்பிட்டால் வர மாட்டாள். சறுக்குப் பள்ளிக்குக் கட்டும் கட்டணம்தான் மொத்த விடுமுறையிலும் வீணாகாத செலவு.

கில்லாடிகளுக்கு மலை பெரிதாகத்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போகட்டும். கில்லாடிகள் இரண்டு பேராக, அவர்கள் காசில். எட்டுப் பேர் பில்லை எட்டாகப் பிரிப்பதாக இருந்தால், ஊரின் பெயரை முதலில் சொல்ல வேண்டியவர் அந்த எட்டாவது ஆள்.