இரண்டு விதிகள்

2016 பிப்ரவரி 6. நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. கல்லூரி பஸ் டிரைவர் ஒருவர் இறந்துபோனார். தரையில் பள்ளம். முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கை 'விண்கல்' என்றது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, தரையில் நடந்த வெடிப்பு போலத் தெரிகிறது என்றார்கள்.

வித்தியாசம் புரிகிறதா? வானத்திலிருந்து விழுந்தது என்றால் 'விதி' என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். தரையில் வெடித்தது என்றால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

கடவுளும் இயற்பியலும் ஒத்துப்போகுமா? தாராளமாக. ஈர்ப்பு விதி தந்த நியூட்டனே பரம பக்தர்தான். ஆனால் அவர் ஒரு படி மேலே போனார். கிரகங்களின் பாதை கோணலானால் கடவுள் சரிசெய்வார் என்று நினைத்தார். பின்னால் வந்த லாப்லாஸ் கணக்குப் போட்டு, ஈர்ப்பு விதியே போதும் என்றார். கடவுளுக்கு அங்கே வேலை போயிற்று!

விடை தெரியாத இடத்தில் சாமியை உட்கார வைத்தால் இதுதான் கதி. விதிகளை எழுதியவர் கடவுள் என்று நம்புங்கள்; எந்தச் சூத்திரமும் உங்களோடு சண்டைக்கு வராது. ஆனால் ஒரு மனிதன் செத்த இடத்தில் தலைவிதியைப் பேசி வாயை மூடாதீர்கள்.

கும்பிடுங்கள் சார். முதலில் அந்தப் பள்ளத்தைத் தோண்டிப் பார்த்துவிடுவோம்.